டெய்லர் அண்ட் மூர்த்தி கடையின் மூன்று படிகள்

மவுண்ட் ரோட்டின் பெயரை மாற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பலகைகளில் எல்லாம் அண்ணா சாலை என்றுதான் இருக்கிறது. ஆனாலும் பஸ்ஸில் ஏறுகிறவர் இன்றைக்கும் மவுண்ட் ரோடு என்றுதான் டிக்கெட் கேட்கிறார். அந்தச் சாலையின் சுபாவமே அப்படி. அதன் மேல் எதை வேண்டுமானாலும் போடலாம், அதிலிருந்து எதையும் எடுத்துவிட முடியாது.

கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் பரங்கிமலைக்குப் போய்வந்த பாதை அது. முதலில் மண், பிறகு சரளை, அப்புறம் தார். குதிரை வண்டிகள் போயின, டிராம் போனது, சினிமாக்காரர்களின் கட்-அவுட்டுகள் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றன. கட்சி ஊர்வலம், கல்யாண ஊர்வலம், சாவு ஊர்வலம் எல்லாவற்றையும் பார்த்த சாலை. முப்பத்தொரு வருஷம் அதற்கு வைத்தியம் பார்த்த என்ஜினீயர்களில் நானும் ஒருவன். பெயர் தணிகாசலம். பார்த்த வைத்தியத்தின் லட்சணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் சாலை போடுவதில் ஒரு பழக்கம் உண்டு. பழைய தளத்தை இயந்திரம் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குப் புதுத் தளம் போட வேண்டும். மில்லிங் என்பார்கள். அது விதிப்புத்தகத்தில் இருக்கும், டெண்டரில் இருக்கும், நாங்கள் கொடுக்கும் சான்றிதழிலும் இருக்கும். சாலையில் மட்டும் இருக்காது. பழசின் மேலேயே புதுசை ஊற்றி ரோடு ரோலரை ஓட்டிவிடுவார்கள். சாலை உயர உயர, கடைகளும் வீடுகளும் பள்ளத்துக்குப் போகும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும். சனங்கள் வாசலில் ஒரு வரிசை செங்கல் கட்டிக்கொண்டு, நம் தலையெழுத்து என்று இருந்துவிடுவார்கள். நாங்கள் 'மில்லிங் முடிந்தது' என்று கையெழுத்துப் போடுவோம். இப்போது நினைத்தால் கூசுகிறது. போட்டபோது கூசவில்லை.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஞாபகத் தார் வந்தது. அரசாங்கம் வைத்த பெயர் வேறு, வாயில் நுழையாது. தாரோடு ஒரு வகை மணலைக் கலப்பார்கள். மேலே எது அழுத்தினாலும், லாரிச் சக்கரமோ மனிதப் பாதமோ, எந்த நாள், எந்த நொடி, எவ்வளவு கனம், எந்தத் திசை என்று அந்த மணல் வாங்கி வைத்துக்கொள்ளும். படம் கிடையாது, சத்தம் கிடையாது, அழுத்தம் மட்டும்தான். அளவுக்கு மேல் பாரம் ஏற்றும் லாரிகளைப் பிடிக்கத்தான் கொண்டுவந்தார்கள். பிறகு போலீசுக்கும் அதில் ஆசை வந்தது. சனங்கள் பயந்து வழக்குப் போட்டார்கள். கடைசியில் ஒரு விதி வந்தது: சாலைக்கு ஏழு வருஷ ஞாபகம்தான் அனுமதி. ஏழாவது வருஷம் தளத்தைச் சுரண்டி உருக்கிவிட வேண்டும். உருக்கினால் மணல் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

கொஞ்ச காலம் கழித்துக் குடும்ப அட்டைக்குக் கைரேகையோடு நடையையும் பதிவு செய்யச் சொன்னார்கள். பத்தடி நடந்து காட்டினால் போதும். ஆளுக்கு ஆள் நடை வேறல்லவா. அதற்குப் பிறகு சாலையில் பதிந்த ஒவ்வொரு அடிக்கும் பெயர் போட முடிந்தது. பழைய அடிகள்தான் உருகிப் போய்விட்டனவே என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. எங்கள் கையெழுத்தை அவர்கள் நம்பினார்கள்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது ரெஜினா என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். மவுண்ட் ரோட்டில் டெய்லர் அண்ட் மூர்த்தி என்ற மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருஷமாக வேலை. டெய்லர் எந்தக் காலத்திலோ கப்பல் ஏறிவிட்டார், இப்போது இருப்பது மூர்த்தியின் பேரன். இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு பையிலிருந்து இருபத்தைந்து புகைப்படங்களை எடுத்து என் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்குக் கடை வாசலில் பூசணிக்காய் உடைத்தபின் எடுத்த படம். கடைக்காரர்கள் எல்லோரும் படிகளில் நிற்கிறார்கள். எடுத்தவர் கண்ணாடி தேய்க்கும் இலியாஸ் என்பதால் எந்தப் படத்திலும் அவர் இல்லை. ரெஜினா ஆட்களைக் காட்டவில்லை. விரலால் கீழே தட்டிக் காட்டினார்.

"படிய மட்டும் பாருங்க சார். மொதல்ல மூணு படி. பதினெட்டு வருசம் முன்னாடி ரெண்டாச்சு. பதினோரு வருசம் முன்னாடி ஒண்ணு. நாலு வருசமா படியே இல்ல, மழைத்தண்ணி கடைக்குள்ள வருது. சொரண்டி எடுத்துட்டு போட்டிருந்தா படி எப்படி சார் முழுகும்?"

இத்தனை வருஷத்தில் எந்த ஆடிட்டரும் கேட்காத கேள்வி. என்ன வேண்டும் என்று கேட்டேன், கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டேன். பயந்தவன் அப்படித்தான் கேட்பான்.

அவருக்கு வேண்டியது அவருடைய தம்பி. சேவியர் தண்ணீர் லாரி டிரைவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாத மதியம், தேனாம்பேட்டை சிக்னலுக்குத் தெற்கே அவன் லாரி பஸ் நிறுத்தத்தில் ஏறி ஏழு பேர் செத்துப்போனார்கள். எதிர்த்திசையில் இரண்டு கார்கள் சைரன் இல்லாமல் வந்தன, அவற்றுக்கு ஒதுங்கித்தான் திருப்பினேன் என்று அவன் முதல் நாளிலிருந்து சொல்கிறான். கேமராக்கள் அன்றைக்கு வேலை செய்யவில்லையாம். கார்களைப் பார்த்தோம் என்று சொன்ன இருவர் பிறகு பார்க்கவில்லை என்றார்கள். வேண்டுமென்றே ஏற்றினான் என்று வழக்கு ஜோடித்து, விடுதலையே இல்லாத ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். சாலையைப் படித்துப் பாருங்கள் என்று அவன் வக்கீல் மனுப் போட்டபோது, தளத்தைச் சுரண்டி உருக்கி அழித்தாகிவிட்டது என்று ஒரு சான்றிதழ் வந்தது. அந்த வருஷம்தான் ஏழாவது வருஷம். ரெஜினா பையிலிருந்து கடைசியாக ஒரு நகலை எடுத்தார். அதன் அடியில் என் கையெழுத்து.

"அடுத்த மாசம் கடைசி மனு சார். புது ஆதாரம் இல்லன்னா அதோட முடிஞ்சுது. அந்தத் தளம் கீழ இருக்குதா இல்லியா, அது மட்டும் சொல்லுங்க."

இருக்கிறது என்று சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இடையில் நல்ல நல்ல காரணங்களை எல்லாம் கண்டுபிடித்தேன். பென்ஷன், பேத்தியின் காதுகுத்து, ஊர் என்ன பேசும் என்கிற வெட்கம். நான்காம் நாள் டெய்லர் அண்ட் மூர்த்திக்கு நானே போனேன். தரையோடு தரையாக இருந்த வாசலில் செங்கல் வரப்பைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. உள்ளே இலியாஸ் குனிந்து ஒரு கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குமுதவல்லி என்று ஒரு பெண் கல்லாவில் இருந்தாள். அவர்களை வைத்துக்கொண்டே சொன்னேன்.

மேலே புதுத் தளம் விழுந்ததும் கீழே இருக்கும் மணல் தூங்கிவிடும், ஆனால் உருக்கினால்தான் அழியும் என்றேன். சேவியரின் லாரியும் அந்தக் கார்களும் இன்னும் அப்படியே கீழே இருக்கும். மவுண்ட் ரோட்டில் ஒரு தளத்தைக்கூட நாங்கள் சுரண்டியதில்லை.

ரெஜினா அழவில்லை. ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, உட்காருங்க சார் என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கு இருக்கும் ஒரே ஆறுதல், அதுவும் பெரிய ஆறுதல் இல்லை.

"நான் கோர்ட்ல சொன்னா, உங்க தம்பியோட அம்பது அடி மட்டும் முழிச்சுக்காதும்மா. ரோடு மொத்தமும் முழிச்சுக்கும். இருபத்தஞ்சு வருஷத்துல யார் யார் எங்க நடந்தாங்க, யார்கூட நின்னாங்க, எல்லாமே அதுல இருக்கு. இப்ப எல்லார் நடையும் கவர்மெண்ட்கிட்ட இருக்கு."

ரெஜினா இலியாஸைப் பார்த்தார். இலியாஸ் கண்ணாடியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"நடந்ததுக்கு என்னா சார் பயம். நாம ஒழுங்காத்தானே நடந்தோம். நீங்க போய் சொல்லுங்க."

சொன்னேன். நீதிமன்றத்தில் நின்று, பதினோரு வருஷம் முன்பும் நான்கு வருஷம் முன்பும் நான் கொடுத்த இரண்டு சான்றிதழும் பொய் என்று சொன்னேன். அன்று மாலையே தற்காலிகப் பணிநீக்கம், மறுநாள் என் மேல் வழக்கு. கூட வேலை செய்தவர்கள் போனை எடுக்கவில்லை. என் மனைவி மட்டும், இதை முப்பது வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கலாம் என்றாள். ஆனாலும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. ரெஜினா புழல் சிறைக்குப் போய்த் தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவன் சட்டைக்கு இஸ்திரி கேட்டானாம்.

நீதிமன்றம் ஒரு கமிஷனரை நியமித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையை மறித்து, குழாய் போன்ற ஒரு துளையிடும் கருவியால் தளத்தைக் குடைந்து உருளை உருளையாக வெளியே எடுத்தார்கள். முதலில் டெய்லர் அண்ட் மூர்த்தி வாசலில். முழங்கை நீளத்துக்கு ஓர் உருளை வந்தது. நான்கு பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன, நான்கிலும் மணல் மினுக்கியது. கமிஷனர் தடவிப் பார்த்தார். மவுண்ட் ரோட்டின் கால் நூற்றாண்டு அவர் கையில் இருந்தது. நான் ரெஜினாவைப் பார்த்துத் தலையசைத்தேன்.

பிறகு தேனாம்பேட்டைக்குப் போனோம். பஸ் நிறுத்தம் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. உருளை வெளியே வந்தது. நான்கு பட்டைகள். அடியில் இருந்தது மினுக்கியது, மேலே இரண்டும் மினுக்கின. சேவியரின் லாரி இருக்க வேண்டிய இரண்டாவது பட்டை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. வெறும் ஜல்லியும் தாரும்.

இன்னொரு இடத்தில் எடுக்கச் சொன்னேன். அதிலும் அப்படியே. பத்தடி தள்ளி, இருபதடி தள்ளி, எதிர்ப்பக்கம், எல்லாம் அப்படியே. ஏறத்தாழ எண்பது மீட்டருக்கு அந்தப் பட்டை கறுப்பாகவே இருந்தது. அதற்கு வடக்கேயும் தெற்கேயும் மினுக்கியது. யாரோ அந்த எண்பது மீட்டரை மட்டும் ஒழுங்காகச் சுரண்டி, உருக்க அனுப்பி, குழியை நிரப்பியிருக்கிறார்கள். எனக்கு முதலில் தோன்றியது, அந்தக் கார்க்காரர்களின் வேலை என்றுதான். அப்படி இருந்திருந்தால்கூடத் தேவலை.

சாட்சிக்காக அந்தக் காலத்து மேஸ்திரி வேடியப்பனையும் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். தலை நரைத்து, காது கொஞ்சம் மந்தமாகி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கமிஷனர் அவரைக் கூப்பிட்டு, இந்த இடத்தில் சுரண்டியது யார் என்று கேட்டார்.

"நாங்கதாங்க," என்றார் வேடியப்பன். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "சாருதான் சொன்னாரு. பெரிய ஆபீசர் பாக்க வராரு, ஒரு எடத்துலயாவது ஒழுங்கா மில்லிங் பண்ணி வையுங்கடா, மானம் போவுதுன்னாரு. எந்த எடம்னு அவரு சொல்லல. நாங்கதான் இந்த எடம்னு முடிவு பண்ணோம்."

"ஏன் இந்த இடம்?"

"ஏழு உசுரு போன எடமுங்க. மூணு மாசமாயும் கறை போவல. தெனமும் யாராவது வந்து பூ வெச்சிட்டுப் போவாங்க. அது மேல தார ஊத்த ஆளுங்க யாருக்கும் மனசு வரலீங்க. பாவம் புடிக்கும்னாங்க. அதான் சுத்தமா வழிச்சி எடுத்து, கற்பூரம் ஏத்தி, பூசணிக்கா ஒடச்சிட்டு அப்பறம் போட்டோம். அன்னிக்குனு பாத்து அந்த ஞாபகத் தார் வண்டி வர லேட்டு. குழிய வெறும் தார்லயே ரொப்பிட்டு மேல அத போட்டோம். மத்தபடி இந்த ரோட்டுலயே ஒழுங்கா வேல செஞ்ச எடம் இது ஒண்ணுதானுங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. என்னிடமிருந்து ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

எனக்கு நினைவு வந்தது. அந்தக் காலை, அந்த எரிச்சல், ஜீப்பில் ஏறிக்கொண்டே நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம். என் முப்பத்தொரு வருஷ வேலையில் ஒழுங்காகச் செய்யச் சொல்லி நான் வாய் திறந்த நாள்கள் மிகச் சில. அதில் ஒரு நாள் அது. ரெஜினா சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பெண் போலீஸ் அவரைத் தூக்கிவிட்டாள்.

மனு தள்ளுபடி ஆயிற்று. சேவியர் உள்ளேயே இருக்கிறான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் என் தலையில் அடித்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உருளைகளைப் பார்த்தவர்களில் வேறு சிலரும் இருந்தார்கள். எண்பது மீட்டர் போனால் என்ன, மிச்சம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கிறதே. அழிக்க வேண்டும் என்ற விதி, கண்டெடுத்ததைப் படிக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லையாம். ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. புத்தம்புது இயந்திரங்கள் வந்தன. தளத்தைப் பலகை பலகையாக அறுத்து, தேதி எழுதி, மூடிய லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினைந்து கிலோமீட்டருக்கும் ஒரு அங்குலம் விடாமல் மில்லிங் நடந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நேர்மையான வேலையை நான் பார்த்ததில்லை.

முதலில் பழைய தண்ணீர்ப் போராட்டத்தை எடுத்தார்கள். ஒன்பது வருஷம் முன்பு, ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு மவுண்ட் ரோட்டில் நடந்த நாள். அன்று ஒரு அரசாங்கக் கட்டடம் எரிந்து உள்ளே இருவர் செத்தார்கள். கொளுத்தியவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. இப்போது அன்று நடந்த எல்லோருடைய பெயரும் வரிசையாக வந்தது. கட்டடத்துக்கு முன்னால் கொஞ்சம் நேரம் நின்றவர்களை எல்லாம் கூட்டிப்போனார்கள். ஒரு வீட்டில் மகனைக் கூட்டிப்போனார்கள், அவன் தோளில் கைபோட்டு நடந்த சிநேகிதனையும் கூட்டிப்போனார்கள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பெண்ணைக் கல்யாண மண்டபத்திலிருந்து கூட்டிப்போனார்கள். இதையெல்லாம் நான் செய்தியில் பார்த்தேன்.

இலியாஸும் குமுதவல்லியும் அன்று கடையிலிருந்து இறங்கி அறுநூறு மீட்டர் நடந்திருந்தார்கள். கூட்டம் நகராததால் அந்தக் கட்டடத்தின் முன்னால் பதினொரு நிமிஷம் நின்றிருந்தார்கள். அவ்வளவுதான்.

நான் ரெஜினாவைப் போய்ப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவரே போன் செய்தார். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கடைக்கு வரமுடியுமா, படம் எடுக்க ஆள் இல்லை என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போனேன். மூர்த்தியின் பேரன் சந்தோஷமாக இருந்தார். இனி மழைத்தண்ணீர் வராது, பாருங்கள் என்று வாசலைக் காட்டினார். செங்கல் வரப்பை இடித்துவிட்டிருந்தார்கள். மூன்று படிகளும் வெளியே வந்திருந்தன. பழைய கருங்கல் படிகள், மண்ணுக்குள் இருந்ததால் விளிம்புகூடத் தேயாமல் இருந்தன. சாலை கால் நூற்றாண்டுக்கு முன் இருந்த உயரத்துக்குத் திரும்பியிருந்தது. அதன் மேல் புதுத் தளம் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, வெயிலில் மினுமினு என்று இருந்தது.

பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோரும் படியில் ஏறி நின்றார்கள். வலது ஓரம் குமுதவல்லி எப்போதும் நிற்கிற இடம். அங்கே யாரும் நகர்ந்து போகவில்லை. ரெஜினா மூன்றாவது படியிலிருந்து இறங்கி வந்து போனை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு உடனே போகவில்லை.

"என் தம்பிக்காகத்தான சார் கேட்டேன். அது தப்பா?"

தப்பில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் காத்திருக்கவில்லை. திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டு, என் காலைப் பார்த்துச் சொன்னார்.

"அங்க இல்ல சார். இலியாஸ் அண்ணன் நிக்கிற எடம் இன்னும் ரெண்டடி பின்னால. அப்பதான் மூணு படியும் படத்துல விழும்."

நான் நடைபாதையிலிருந்து இறங்கி, புதுத் தாரின் மேல் இரண்டடி பின்னால் வைத்து நின்றேன். அந்த இரண்டு அடியையும் சாலை வாங்கிக்கொண்டது. பிறகு படம் எடுத்தேன்.